நாற்காலிகளை எடுத்துவிடுங்கள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

உன் அக்கா நேற்று மதியம் போய்விட்டார். நல்ல செய்தியைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லலாம், இதை அப்படிச் சொல்ல வழியில்லை. நுரையீரல் தொந்தரவு சில மாதங்களாகவே இருந்தது. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கடைசி நாட்களில் வலி குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டில் அம்மாவை அவர் மகன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு, "ஜன்னலைப் பின்னால வச்சு எடுக்கிறான் பாருங்க மாஸ்டர், அந்தம்மா முகம் கரியாத்தான் வரும்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் தூங்கினார், எழுந்திருக்கவில்லை.

போன் செய்யவில்லை. என் குரலைக் கேட்டால் நீ வைத்துவிடுவாய் என்று தெரியும். உங்கள் கம்பெனி பஸ் காலையில் ஸ்டுடியோ தெரு வழியாகத்தானே போகிறது, அதன் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அப்படியே அனுப்பு.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். முதலாவது, ஆஸ்பத்திரியில் உடலை என்னிடம் தர மறுக்கிறார்கள். அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் இத்தனை வருஷமாகப் படங்களைத் திருத்தி டச்சிங் வேலை பார்த்தவன் என்பது சொந்தத்தில் சேராதாம். ரத்த உறவு யாராவது சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். உயிரோடு இருக்கும் ரத்த உறவு நீ ஒருத்திதான். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இரண்டாவது, நீ வரக்கூடாது. இது என் வார்த்தை இல்லை, அவருடையது. தன்னை வழியனுப்ப யாருமே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பெட்டி, வண்டி, கூடம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், ஆட்கள் மட்டும் வேண்டாம் என்றார். அதை நான் செய்யப்போகிறேன். யார் குறுக்கே வந்தாலும் செய்யப்போகிறேன்.

டச்சிங் மாஸ்டர்


மார்ச் 5

மாஸ்டருக்கு,

கடிதம் கைக்கு வந்தபோது பஸ்ஸை எடுக்க நின்றுகொண்டிருந்தேன். படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன், வண்டியை எடுத்தேன். போன ஊரில் எல்லாரையும் பத்திரமாக இறக்கிவிட்டு, திரும்பி வந்து, இப்போது டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் கோபத்தில் கிறுக்கியது என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அவள் சொன்னாளாம், இவர் செய்வாராம், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். உடம்புக்கு முடியவில்லை என்பதையே எனக்கு மறைத்தீர்கள். இருக்கும்போதும் என்னைக் கேட்கவில்லை, செத்த பிறகும் கேட்கவில்லை. அக்காவுக்கு எப்போதுமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதற்கு நாலாவது காலை டச்சிங் பண்ணி அழிக்க நீங்கள் ஒருவர் பக்கத்திலேயே இருந்தீர்கள்.

அந்தப் படத்தை நான் மறக்கவில்லை. அம்மா இறந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து வண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தேன். வர முடியவில்லை, வரவில்லை. ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் விடுப்புக் கிடைத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரில் படம் தொங்குகிறது. அம்மா பெட்டியில். சுற்றிலும் சொந்தக்காரர்கள். தலைமாட்டில் நான். அதுவும் சிரித்த முகத்தோடு. லைசென்ஸ் வாங்கின அன்றைக்கு உங்கள் ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்ட முகம் அது. பெரியப்பா மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "சித்தி செத்ததுல உனக்கு அப்படி என்ன சந்தோஷம்?" அன்றைக்கு வாசற்படி இறங்கியவள்தான். அதற்கப்புறம் அக்காவோடும் பேச்சில்லை, உங்களோடும் பேச்சில்லை.

என் நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்திலிருந்து என்னை எடுங்கள். எடுத்து அனுப்பினால் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம். அப்புறம் நான் வருவேன். தனியாக வரமாட்டேன். எங்கள் டிப்போவில் அழத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, எங்கள் மெக்கானிக் டிவி சீரியலுக்கே அழுகிறவர். ஒரு பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறேன். வாசலில் நின்று தடுத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் கிடப்பவளின் தங்கை


மார்ச் 6

சின்னவளுக்கு,

படத்தில் கை வைக்க மாட்டேன். அது உன் அக்கா சொல்லி நான் செய்த வேலை. அவர் இல்லாதபோது அவர் வேலையைக் கலைக்க எனக்கு வேறு முதலாளி யாரும் வரவில்லை.

சிரித்த முகம் என்கிறாய். எனக்குத் தெரியாதா? ஸ்டுடியோவில் உன் முகம் அது ஒன்றுதான் இருந்தது. வேறெதிலும் நீ ஒழுங்காக நின்றதில்லை. உதட்டை மூடினேன், கன்னத்தைக் கொஞ்சம் இறக்கினேன். கண் மட்டும் கேட்கவில்லை. சிரிப்பு கண்ணில்தான் இருக்கிறது, அதை எடுத்தால் ஆளே வேறு ஆளாகிவிடுவார். வேறு யாராகவோ உன்னை நிறுத்துவதைவிடச் சிரிக்கிற உன்னை நிறுத்துவது மேல் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பெற்றவள் சாவுக்கு வராத மகள் என்று பேச ஒரு கூட்டமே காத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்களிடம் ஒரு படம் இருந்தது, அதை வைத்து மூடினோம்.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏன் யாரும் வேண்டாம் என்றார் என்று. கல்யாணப் படம் எடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். சாவுப் படம் எடுக்கக் கூப்பிட்டால் வருகிறவர் உன் அக்கா ஒருவர்தான். அந்த வீடுகளில் அவர் பார்த்ததை எல்லாம் மாலையில் என்னிடம் வந்து சொல்வார். கேமராவைத் தூக்கியதும் அழுகை ஏறும், இறக்கியதும் வடியும். ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்றால், "எல்லாரும் இன்னொரு தடவை அழுங்கப்பா" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார், அவர்களும் அழுவார்கள். அதற்கடுத்த வாரம் வராத மகன்களின் படத்தைக் கொண்டுவந்து, பெட்டி பக்கத்தில் ஒட்டித் தரச் சொல்வார்கள். நான் ஒட்டித் தருவேன். எத்தனை மகன்களை அழைத்துக்கொண்டுபோய் எத்தனை அப்பாக்கள் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னார்: "என் சாவுல உங்களுக்கு ஒட்டுற வேலை வேண்டாம் மாஸ்டர். யாருமே வரலைன்னா யாரையும் ஒட்ட வேண்டியதில்லை." படமும் கூடாது என்றார்.

அலட்சியமாகச் செய்யச் சொன்னார் என்று நினைத்துவிடாதே. பெட்டி அவர் அளவுக்கே செய்ய வேண்டும், வாடகைப் பெட்டி கூடாது. வேலைக்குப் போட்டுப்போகும் அந்தப் பாக்கெட் வைத்த நீலச் சட்டை, துவைத்து இஸ்திரி போட்டு. வண்டியைக் கழுவியிருக்க வேண்டும். ஓட்டுநர் இஸ்திரிச் சட்டை போட்டிருக்க வேண்டும், பாட்டுப் போடக்கூடாது, போன் பேசக்கூடாது. தகனக்கூடத்தில் பெட்டியை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வைக்க வேண்டும். உச்சியில் இருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் உத்தமனும் திருடன் மாதிரித் தெரிவான் என்பது அவர் சித்தாந்தம்.

நாற்காலிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். இதை இரண்டு மூன்று தடவை சொன்னார். "காலி நாற்காலி கிடந்தா வராதவங்க கண்ணுக்குத் தெரிவாங்க. நாற்காலியே இல்லைன்னா அங்க யாரும் குறையலைன்னு அர்த்தம்."

இவ்வளவு யோசித்தவளை, யோசித்தவரை, உன் மெக்கானிக்கின் கண்ணீரில் நனைக்க நான் விடமாட்டேன். கையெழுத்துப் போடு.

மாஸ்டர்


மார்ச் 7

மாஸ்டருக்கு,

ஓரிடத்தில் "யோசித்தவளை" என்று எழுதிவிட்டு உடனே "யோசித்தவரை" ஆக்கியிருக்கிறீர்கள். ஊர் முகத்தை எல்லாம் டச்சிங் பண்ணுகிறவருக்கு அந்த ஒரு எழுத்தை மறைக்கத் தெரியவில்லை. கேலி செய்யவில்லை. எனக்கு அது எப்போதோ தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும், அவள் கண்ணுக்குத் தப்பியது எது?

அதனால்தான் கேட்கிறேன். யாரும் வரக்கூடாது என்றால் நீங்கள்? பெட்டிக்கு அளவு கொடுத்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஜன்னல் வெளிச்சம்வரை பார்த்து வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஓரமாக நிற்கப்போகிறீர்களா? எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?

இன்னொன்று. நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பஸ் ஸ்டாண்டிலேயே வாழ்கிறவள். பிளாட்பாரத்தில் செத்துக் கிடப்பவர்களை முனிசிபாலிட்டி வண்டி எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். தூக்குகிற இரண்டு பேர் அவர்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே தூக்குவார்கள். வண்டி போன பிறகு நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம். அதற்கும் நீங்கள் செய்யப்போவதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள். இஸ்திரிச் சட்டையா? வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள்கூட வரவில்லை என்றால் பார்க்கிறவன் "அனாதைப் பிணம் போகுது" என்றுதான் சொல்வான். என் அக்காவைப் பார்த்து அதைச் சொல்ல ஒருவனையும் விடமாட்டேன். அவளோடு நான் பேசாமல் இருந்தது எங்கள் வீட்டு விவகாரம். அவளுக்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் அது வேறு.

பஸ் தயாராகத்தான் இருக்கிறது. கண்டக்டர் தோழி ஒருத்தி விடுப்பே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தங்கை


மார்ச் 8

சின்னவளுக்கு,

எனக்கும் அதே சட்டம்தான். "நீங்களும்தான் மாஸ்டர்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்த நாளில் கடையை மூடக்கூடாது, வழக்கம்போல உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். அதை எப்படிச் சொன்னேன், சொன்ன பிறகு என்ன ஆனேன் என்பதெல்லாம் உனக்கு எழுத வேண்டியதில்லை. மிச்சத்தை நீ கண்டுபிடித்துவிட்டாயே, இதையும் கண்டுபிடித்துக்கொள்.

வித்தியாசம் என்ன என்று கேட்டாய். அனாதை என்றால் ஆள் இல்லாதவர். உன் அக்கா ஆள் வேண்டாம் என்றவர். ஒன்று கதியில்லாமல் நடப்பது, இன்னொன்று வீம்பு. வீம்பில் உங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள முடியாது என்று நினைத்தேன், நீயே வித்தியாசம் கேட்கிறாய்.

நீ பயப்படுவது நடக்கத்தான் போகிறது, ஆனால் உன்னால். ஆஸ்பத்திரிக்காரர் இன்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பிறந்த பிறகும் கையெழுத்து வராவிட்டால் கேட்பாரற்ற உடல் என்று முனிசிபாலிட்டிக்குக் கொடுத்துவிடுவார்களாம். அந்த வண்டி வரும். பேசிச் சிரித்துக்கொண்டு தூக்குகிற அந்த இரண்டு பேரும் வருவார்கள். நீலச் சட்டை என் மேசையிலேயே கிடக்கும்.

படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாம் என்று இதுவரை இருந்தேன்.

உன்னை எங்கே ஒட்டினேன் என்று யோசித்துப் பார். அம்மாவின் தலைமாட்டில். அந்தக் கூட்டத்தில் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்கும் இடம் எப்படிக் காலியாக இருந்தது? அவ்வளவு நெருக்கிக்கொண்டு நின்ற சொந்தக்காரர்கள் உனக்காகவா இடம் விட்டார்கள்? உனக்கு மண் சரிவில் என்ன ஆனதென்றே அப்போது யாருக்கும் தெரியாது. அது உன் அக்காவின் இடம். மூத்த மகள், அவர் நிற்கட்டும் என்று விட்டிருந்தார்கள். "நீ வந்து நில்லும்மா, கேமராவை வேற யார்கிட்டயாவது குடு" என்று உன் பெரியப்பா சொன்னார். உன் அக்கா கொடுக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே வைத்துப் படம் எடுத்தார். கடைக்கு வந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அங்க சின்னவளை வைங்க."

தன் அம்மாவின் பக்கத்தில் தான் நிற்கிற மாதிரி ஒரு படம்கூட அவருக்கு இல்லை. அந்த இடத்தை உனக்குக் கொடுத்துவிட்டார். அதைத்தான் நான் அழிக்க வேண்டும் என்கிறாய். மாட்டேன்.

மாஸ்டர்


மார்ச் 9

மாஸ்டருக்கு,

கையெழுத்து இத்துடன் இருக்கிறது. ஸ்டியரிங்மேல் தாளை வைத்துப் போட்டேன், சரியில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். எனக்குக் கோபம் தீரவில்லை. அவள் வாயைத் திறந்து அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டேன். அந்த வழித்தடம் வேண்டாம் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தவள் நான்.

டிப்போ பஸ் வராது. கண்டக்டர் தோழியின் விடுப்பைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன், அவளுக்கு என்மேல் வருத்தம். அழ ஆள் யாரும் வரமாட்டார்கள். நானும் அழ வரமாட்டேன், எழுதிக் கொடுத்தால் எழுதிக் கொடுத்ததுதான்.

என்றைக்கு, எத்தனை மணிக்கு, வண்டி யாருடையது என்பதை மட்டும் எழுதுங்கள். தெரிந்துகொள்ளும் உரிமைகூடவா இல்லை?

தங்கை


மார்ச் 10

சின்னவளுக்கு,

தாள் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர் கையெழுத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நாளை மறுநாள் காலை. நாளைக்கே போய் எல்லாத் தாளிலும் கையெழுத்திட்டு, சட்டையை அங்கே இருக்கும் ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அவரே உடுத்திவிடுவதாகச் சொன்னார், நல்ல மாதிரி. பாக்கெட்டில் லென்ஸ் துடைக்கும் துணியை மடித்து வைத்திருக்கிறேன். இது அவர் சொன்னதில் இல்லை. என் இஷ்டம்.

மற்றபடி எல்லாரோடும் சண்டைதான். தகனக்கூடத்து மேனேஜர் நாற்காலிகளை எடுக்க முடியாது என்றார், நாற்காலி இல்லாத கூடத்தைத் தான் பார்த்ததே இல்லையாம். இப்போது பாருங்கள் என்றேன். போட்டோகிராபர் சங்கத்திலிருந்து ஒரு பெரிய மலர் வளையம், அதில் மூன்று நிர்வாகிகளின் பெயர் உன் அக்கா பெயரைவிடக் கொட்டை எழுத்தில். திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே படம் எடுக்க ஒரு ஆளையும் அனுப்புவதாக இருந்தார்களாம். எதிர்க்கடை ஜவுளிக்காரர், "என்ன மாஸ்டர், எங்களையெல்லாம் மனுஷனா மதிக்கலையா?" என்று கேட்டார். மதித்ததால்தான் வேண்டாம் என்றார் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, அவர் மனைவிக்குப் புரிந்தது. அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

வண்டி ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. பழைய மார்க்கெட் பின்னால் ஷெட் வைத்திருப்பவருடையது. வண்டி நல்ல வண்டி. ஓட்டுகிற ஆள்தான் சரியில்லை. போய்ப் பார்த்தேன். வாயில் எதையோ மென்றுகொண்டு, காதில் போன், சட்டையில் இரண்டு பித்தான் இல்லை. என் நிபந்தனைகளைச் சொன்னதும், "சாமி, செத்தவங்களுக்கு என் சட்டையா தெரியப்போகுது?" என்றான். இந்த ஒரு செத்தவருக்குத் தெரியும் என்றேன். சிரித்தான். வேறு வண்டி தேடினேன், கிடைக்கவில்லை. அவன் கையில் அவரைக் கொடுத்துவிட்டு நான் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் செய்தும் கடைசியில் அந்த ஒரு விஷயத்தில் தோற்றுவிடுவேன் போல இருக்கிறது.

மாஸ்டர்


மார்ச் 12

மாஸ்டருக்கு,

நேற்று உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். உங்களைப் பார்க்க வரவில்லை. பழைய மார்க்கெட் பின்னால் அந்த ஷெட்டுக்குப் போய் ஓனரிடம் என் லைசென்ஸைக் காட்டினேன். நாளைக்கு ஒரு நாள் உங்கள் வண்டியை நான் ஓட்டுகிறேன், உங்கள் ஆளுக்கு விடுப்புக் கொடுங்கள் என்றேன். அவர் லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"டிரைவர்" என்றேன்.

அழ வருகிறவர்கள்தானே வரக்கூடாது? வேலை செய்ய வருகிறவர்களைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லையே. எத்தனை வீட்டுச் சாவில் அவள் அப்படி நின்றிருக்கிறாள், கேமராவோடு, ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லாமல். அவள் தடுக்கில் நுழைந்தால் நான் கோலத்தில் நுழைகிறவள் என்று சின்ன வயசிலேயே அம்மா சொல்வாள்.

சாயந்தரமே வண்டியை உள்ளும் புறமும் கழுவினேன். என் சட்டைக்கு ஓனர் வீட்டிலேயே இஸ்திரி போட்டேன். இன்று காலை ஆஸ்பத்திரியில் ஆயா பெட்டியை ஒப்படைத்தார். மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்தேன். நீலச் சட்டை. பாக்கெட்டில் உங்கள் துணி. முடி எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்கத் தோன்றியது, யாரிடம் கேட்பது? மூடச் சொன்னேன்.

நல்ல வேகத்தில் போனேன், ஊர்வலம் மாதிரி ஊர்ந்துகொண்டு போகவில்லை. அவளுக்கு அது பிடிக்காது. ஸ்டுடியோ தெருவில் மட்டும் கியரைக் குறைத்தேன். கடை திறந்திருந்தது. நீங்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை. ஹாரன் அடிக்கலாம் என்று கை போனது, அடிக்கவில்லை. எதிர்க்கடை வாசலில் ஜவுளிக்காரர் நின்றிருந்தார். வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லாததை அவர் பார்த்தார், நான் ஓட்டுகிற தோரணையையும் பார்த்தார். அனாதை என்று அவர் வாயில் வந்திருக்காது.

கூடத்தில் நாற்காலி எல்லாம் எடுத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் சுவரோரமாகக் கிடந்தது. "பாவம், யாராவது ஒருத்தராவது வந்தா உட்காரட்டும்னு போட்டேன்" என்றார் அங்கே வேலை செய்கிறவர். நல்ல மனசுதான். அந்த நாற்காலியைப் பார்த்தேன் மாஸ்டர். எனக்காகவே போட்ட மாதிரி இருந்தது. கால் அப்படி வலித்தது, மனசு அதற்குமேல் வலித்தது. போய் அதைத் தூக்கி நானே வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். பெட்டியைக் கொஞ்சம் திருப்பினோம். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து சரியாக விழுந்தது. பெட்டியைத் தூக்கின கூடத்து ஆட்கள் நாலு பேரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அந்தக் கூடத்தைப் பார்த்து அவர்களாகவே குரலைக் குறைத்துக்கொண்டார்கள். "சொந்தக்காரங்க யாரும் வரலையாம்மா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவர் தலையாட்டினார், பெரிய மனுஷி ஒருத்தியின் உத்தரவைக் கேட்டுக்கொண்ட மாதிரி. கதவு மூடும்வரை நின்றேன். டிரைவர் நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. அழவில்லை.

ஷெட்டுக்கு வந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் மறுபடியும் கழுவினேன். அப்போது அழுதேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலை முடிந்துவிட்டது, அதனால் சட்டத்தை மீறவில்லை.

படத்தை அப்படியே விடுங்கள். அம்மா போனபோது நான் அங்கே இல்லை, படத்தில் இருக்கிறேன். அக்கா போனபோது அங்கே இருந்தேன், படம்தான் இல்லை. யாராவது கேட்டால் ஒருத்தரும் வரவில்லை என்றே சொல்லுங்கள்.

சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். ஒருவரும் வரவில்லை, எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. சங்கத்து நிர்வாகிகள் வந்து கேட்டார்கள், அவர்களிடமும் அதையே சொன்னேன். ஜவுளிக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

நான் திரும்பவில்லை, உண்மை. என் மேசைக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, வருகிறவர்கள் தலை சீவிக்கொள்ள. அதில் ஒரு வண்டி மெல்லப் போவது தெரிந்தது. ஓட்டியவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று குனிந்துகொண்டேன். ஆனால் எங்கள் தெரு மேட்டில் கியர் மாற்றும்போது உறுமாத வண்டி இல்லை. அது உறுமவில்லை. ஓட்டுவது அந்தப் பித்தான் இல்லாத ஆள் இல்லை என்று புரிந்தது. கையில் இருந்த பிரஷை வைத்துவிட்டேன். அன்று அதற்கப்புறம் வேலை ஓடவில்லை, அவர் மன்னிக்கட்டும்.

படத்தில் கை வைக்க மாட்டேன் என்று நான் அப்போதே சொன்னேனே.

கடை திறந்திருக்கிறது. இனியும் திறந்திருக்கும். கேமரா எனக்கும் சுமாராகத் தெரியும். உன் மேனேஜரிடம் சொல்லிப் பழைய வழித்தடத்தைக் கேட்டு வாங்கிக்கொள். ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வா, உன்னை ஒரு படம் எடுக்க வேண்டும். சிரிக்காத முகம் ஒன்று கடையில் கையிருப்பாக இருக்கட்டும். என் முறை வரும்போது ஒட்டுவதற்கு ஆள் இருக்காது, நீயே நேரில் வந்துவிடு.

மாஸ்டர்